சனிக்கிழமைப் பயிற்சி: துடுப்பைப் பார்க்காதீர்கள்

குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமை காலை 6 மணிக்குப் படகுத்துறையில் இருங்கள். எட்டுத் துடுப்புப் படகு என்பதால் ஒருவர் குறைந்தாலும் இறக்க முடியாது. வர இயலாதவர்கள் வெள்ளி மாலைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

சென்ற முறை படகு அவ்வளவு ஆடியதற்கு வலிமைக் குறைவு காரணம் அல்ல. முன்னிருப்பவரின் முதுகைப் பார்க்காமல் அவரவர் துடுப்பைத் திரும்பிப் பார்த்தோம். தலை திரும்பினால் தோள் சாயும், தோளோடு படகும் சாயும். ஏறத்தாழ 18 மீட்டர் நீளம், ஓர் ஆள் அமரும் அகலம். அதற்கு அந்தச் சிறு அசைவே போதும்.

இழுக்கும்போது முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் கை. அடுத்த இழுப்புக்குத் திரும்பும்போது கை, முதுகு, கால். கையால் மட்டும் இழுத்தவர்களுக்குத்தான் முன்கை வலித்திருக்கும். சறுக்கும் இருக்கையில் அப்படித் திரும்பி வரும்போது தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அப்போது படகு போகும் திசைக்கு எதிராக நாம் நகர்கிறோம். வேகமாக வந்து முட்டினால் ஓட்டம் தடைபடும்.

துடுப்பு நீரில் சிக்கினால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பின்னால் சாய்ந்து, பிடியைத் தலைக்கு மேல் போகவிடுங்கள்.

கடைசிச் சுற்றில் பத்துப் பன்னிரண்டு இழுப்புகளுக்கு எட்டுத் துடுப்பும் ஒரே ஓசையாக நீரில் இறங்கின, கவனித்தீர்களா? எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. சனிக்கிழமை அங்கிருந்தே தொடங்குவோம்.

நீச்சல் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். மிதவை அங்கி எடுத்துவைக்கிறேன்.