குடும்ப மானத்தைக் குழந்தை தலையில் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதிப்பு, மரியாதை, புகழ் என்று பொருள் தரும் குழந்தைப் பெயர்களை ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். என் மகளுக்கு இது எட்டாம் மாதம். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பெயர் தேடிக்கொண்டிருக்கிற நேரம் என்பதால், வழக்கமாக அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகிற நான் இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து படித்தேன். நல்ல பெயர்கள் நிறைய இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஆண் குழந்தை வரிசையில் 'புகழ் பெறுபவன்', 'எல்லோராலும் மதிக்கப்படுபவன்' என்றெல்லாம் எழுதிவிட்டு, பெண் குழந்தை வரிசைக்கு வந்ததும் 'குலப்பெருமை காப்பவள்', 'குடும்ப மானம் காப்பவள்' என்று மூன்று நான்கு இடத்தில் பொருள் போட்டிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. பையன் பெருமையைத் தேடிக்கொள்ள வேண்டும், பெண் மட்டும் ஏற்கெனவே இருக்கிற பெருமைக்குக் காவல் நிற்க வேண்டுமா? தொப்புள்கொடி உலர்வதற்கு முன்பே எதற்கு அந்தக் குழந்தைக்கு இந்த வேலை?

மானம் சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. திருக்குறளில் 97ஆவது அதிகாரமே அதற்குத்தான், மயிர்நீப்பின் வாழாக் கவரிமா என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர் யார்? ஆனால் வள்ளுவர் அங்கே பேசுவது அவரவர் தம் நடத்தையால் தம் நிலையிலிருந்து இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி. வீட்டிலுள்ள அத்தனை பேருடைய மானத்தையும் மூட்டையாகக் கட்டி ஒருத்தி தலையில் வைப்பதைப் பற்றி இல்லை. அதற்கு அடுத்த அதிகாரம் பெருமை. பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் என்ற குறள் வருவதும் அங்கேதான், பிறப்பால் பெருமை வராது, செய்கிற செயலால்தான் வரும் என்று. குலப்பெருமை என்று பொருள் போடுவதற்கு முன்னால் அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் 'கௌரவக் கொலை' என்று எழுதிவந்த செய்தியை இப்போது தமிழில் பலரும் 'ஆணவக் கொலை' என்றுதான் எழுதுகிறார்கள், கொலையில் என்ன கௌரவம் என்று கேட்டுத்தானே அதை மாற்றினார்கள். செய்திப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கவனம் இணைப்புப் பக்கத்திலும் இருந்திருக்கலாம்.

சரி, அப்படியானால் மதிப்பு என்று பொருள் வருகிற பெயரே வைக்கக்கூடாதா என்றால், தாராளமாக வைக்கலாம், அதிலும் கொடுக்கிற கையிலிருந்து வருகிற மதிப்பைச் சொல்லும் பெயர்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பாருங்கள் என்கிறேன். யசோதா என்ற பெயரைப் பழைய பெயர் என்று ஓரங்கட்டுகிறார்கள், உங்கள் பட்டியலிலும் காணவில்லை. யசஸ் என்றால் புகழ், யசோதா என்றால் புகழைத் தருபவள். வாங்கிக்கொள்பவளும் இல்லை, காவல் காப்பவளும் இல்லை. ஆழ்வார் பாசுரங்களில் அசோதை என்று வருகிறாளே, அவளேதான், தான் பெறாத பிள்ளையை வளர்த்தே பெயர் வாங்கினவள். அரபுப் பெயரான கரீமை எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணியமானவர், வாரி வழங்குபவர் என்று இரண்டு பொருளும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன, பெண் குழந்தைக்குக் கரீமா. வேதாகமத்தில் வருகிற தீமோத்தேயு கிரேக்கப் பெயர், இறைவனைக் கனம் பண்ணுகிறவன் என்று பொருள், அதிலும் மதிப்பு பிறருக்குக் கொடுப்பதாகத்தான் இருக்கிறது. நம் தமிழில் இதையே 'ஈதல் இசைபட வாழ்தல்' என்று மூன்றே வார்த்தையில் சேர்த்து வைத்துவிட்டார் வள்ளுவர். அந்த இசை சங்கீதம் இல்லை, புகழ். இப்போது இசை என்று பெண் குழந்தைகளுக்கு நிறையப் பேர் வைக்கிறார்கள், பாட்டு என்று நினைத்துத்தான் வைக்கிறார்கள், அது தெரியாமலே நல்ல பெயராக அமைந்துவிட்டது என்பேன்.

அப்புறம் பட்டியலில் இருந்த பிழைகள். மானசா என்பதற்கு 'மானம் உடையவள்' என்று போட்டிருக்கிறது. காதுக்கு அப்படிக் கேட்கலாம், ஆனால் அது மனஸ் என்ற சொல்லிலிருந்து வருவது, மனம் சார்ந்தது என்றுதான் பொருள். கீர்த்தியும் கீர்த்தனாவும் ஒன்று என்கிற மாதிரி போட்டிருக்கிறார்கள். கீர்த்தி புகழ், கீர்த்தனா புகழ்ந்து பாடுவது, இரண்டும் ஒரே குடும்பம்தான் என்றாலும் ஒன்றில்லை. இதெல்லாம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி, அதைப் பத்துப் பேர் பகிர்ந்து, கடைசியில் அச்சில் ஏறுகிற கதை. என் மருமகன் செல்போனில் காட்டிய பட்டியலிலும் இதே மானசா இதே பொருளோடு இருந்தாள். நான் அகராதியை எடுத்து நீட்டியதும் அதையும் போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார், அது வேறு விஷயம்.

செம்மல் என்ற பெயரில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பெருமைக்குரியவர், தலைவர் என்று பொருள், உண்மைதான். ஆனால் அரும்பு, மொட்டு, முகை என்று பூவின் பருவங்களைச் சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் வாடிய பூவுக்கும் செம்மல் என்றுதான் பெயர். தெரிந்தே வைத்தால் ஒன்றும் குறையில்லை, எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவும் செய்யும். பிள்ளை பெரியவனாகி எங்காவது படித்துவிட்டு வந்து கேட்டால் சொல்வதற்குப் பெற்றவர்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீர்த்தி என்று ஒரு பெயரை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 'சீர்த்தி மிகுபுகழ்' என்று தொல்காப்பியமே பொருள் சொல்லிவிட்ட சொல் அது, இதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது? வாயில் வழுக்கிக்கொண்டு வருகிறது, ஆணுக்கும் வைக்கலாம் பெண்ணுக்கும் வைக்கலாம். எழுதும்போது சிக்கலும் இல்லை. புகழ், புகழினி, புகழேந்தி மூன்றும் எனக்கு உயிர், ஆனால் அந்த ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதப் போனால் இசட், ஹெச் என்று போட வேண்டியிருக்கும், தமிழ் தெரியாத ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் 'புகஸ்' என்று கூப்பிடுவார், பிள்ளையும் கொஞ்ச நாளில் திருத்துவதை நிறுத்திவிடும். அதைத் தாங்கிக்கொள்ளும் வீடு வைக்கட்டும். மாண்பு என்று வைத்தால் 'மாண்புமிகு' என்று வகுப்பே கிண்டல் செய்யும், அது நிச்சயம். எந்தப் பெயரானாலும் முடிவு செய்வதற்கு முன்னால் கோபத்தில் ஒரு தடவை, கொஞ்சலில் ஒரு தடவை, தூரத்தில் விளையாடுகிற பிள்ளையை அழைப்பதுபோல உரக்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். நாலு அசைக்கு மேல் போனால் எப்படியும் வீட்டில் ஒரு செல்லப் பெயர் முளைத்துவிடும், அப்புறம் அந்தப் பெரிய பொருளெல்லாம் சான்றிதழில் மட்டும்தான் இருக்கும்.

பெயரின் பொருள் பிள்ளையிடம் ஒட்டிக்கொள்ளும் என்று உங்கள் கட்டுரையின் முன்னுரையில் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு ரோமப் பேரரசன் ஹொனோரியஸ் ஞாபகம்தான் வந்தது. லத்தீனில் ஹொனோர் என்றால் மதிப்பு, அதிலிருந்து வந்த பெயர். 395இல் பத்து வயதில் அரியணை ஏறினான். 410இல் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோம் நகருக்குள் புகுந்து கொள்ளையடித்தபோது அவன் ரவென்னா என்ற வேறொரு நகரத்தில் பத்திரமாக இருந்தான். 'ரோமா போய்விட்டது' என்று ஆள் வந்து சொன்னதும், தான் ஆசையாக வளர்த்த ரோமா என்ற கோழிதான் செத்துப்போனது என்று பதறினானாம், நகரம்தான் என்று தெரிந்ததும் நிம்மதி ஆனானாம். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியது, கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு கதை கட்டும் அளவுக்குத்தான் அவன் பெயர் இருந்திருக்கிறது.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எந்த மொழி, எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், இடம் போதவில்லை என்றால் பெயர்களைக் குறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. மானசாவுக்கு ஒரு திருத்தமும் வேண்டும், அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிற வீடுகள் எங்கள் வீடு மட்டும் இல்லை. அந்த 'மானம் காப்பவள்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதே பெயருக்கு 'மதிப்புக்குரியவள்' என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
பாட்டியாகப் போகும் ஒரு வாசகி