மூலிகைச் சாறும் எங்கள் கிணற்று நீரும்

ஆசிரியர் அவர்கட்கு,

முருங்கையிலை, மாதுளந்தோல் முதலியவற்றின் சத்தை வெந்நீரில் இறக்கும் சிறுதொழில் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை கண்டோம். மெதனோல், ஹெக்சேன் போன்ற இரசாயனக் கரைப்பான்கள் வேண்டாம், தண்ணீரே போதும் என்றது நல்ல செய்தி. எந்தத் தண்ணீர் என்று சொல்லாமல் விட்டதுதான் பெருங்குறை.

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புக்கல் நீர். அதில் ஊற்றிய தேத்தண்ணி கறுத்து ஆடை படர்வதையும், தேசிக்காய்ப் புளி விட்டதும் வெளிறுவதையும் நாள்தோறும் காண்கிறோம். மாதுளந்தோலுக்கும் அதே கதிதான். கல்சியம் துவர்ப்புச் சத்தைப் பிடித்து அடியில் படியவைக்கும். நீரின் காரத்தன்மை மீதியை ஒட்சியேற்றிக் கறுக்கவைக்கும். கொதிக்கவைத்துத் தெளியவிட்டு எடுத்தால் சுண்ணாம்பில் ஒரு பங்கு கேத்திலில் வெள்ளையாய்ப் படிந்து நீங்கும். தோட்ட உரத்திலிருந்து கிணற்றில் சேரும் நைத்திரேற்று நீங்காது, வற்ற வற்றச் செறியும். மாரியில் கூரை நன்றாகக் கழுவப்பட்டபின் பிடித்த மழைநீரே இதற்கு ஏற்றது.

நிழலில் உலர்த்திய முருங்கையிலை 100 கிராமுக்கு நீர் 2 லீற்றர். ரவைப் பருமனில் இடித்தால் போதும்; மாவாக்கினால் வடிதுணி அடைத்துக்கொள்ளும். நீர் 85 பாகைக்கு வந்தபிறகே தூளைக் கொட்டவேண்டும். பச்சைத்தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால், 30 முதல் 50 பாகை வரை கடக்கும் நேரத்தில் இலையில் மிஞ்சியிருக்கும் நொதியங்கள் பொலிபீனோல்கள் என்னும் துவர்ப்புச் சத்துகளைப் பழுப்பாக்கிவிடும். மூடிவைத்து 80 பாகையில் 20 நிமிடம். பிழிந்த சக்கைக்கு இன்னொரு லீற்றர் விட்டுப் பத்து நிமிடம். தளதளவென்று கொதிக்கவிட்டால் பசைப்பொருள்கள் கரைந்து கொழகொழத்து வடியாமல் நிற்கும். வேரும் பட்டையும் வேறு; அவற்றைக் கொதிக்கவிடத்தான் வேண்டும். மாதுளந்தோலை இரும்புச்சட்டியில் போட்டால் மை போலாகும். எவர்சில்வர் நல்லது.

'எல்லாச் சத்தும் இறங்கும்' என்று கட்டுரையில் வந்த வரி பிழை. கரட்டீன் போன்ற கொழுப்பில் கரைவன சக்கையிலேயே கிடக்கும். விற்றமின் சீயில் ஒரு பகுதி சூட்டில் அழியும். அமுக்கத்தில் 250 பாகை வரை திரவமாகவே வைத்த நீரின் மின்கோடுபுகு மாறிலி (எத்தகைய பொருளைக் கரைக்கும் என்பதைக் காட்டும் மின் இயல்பு) 80இலிருந்து 27 அளவுக்கு இறங்கி, அந்நீர் அற்ககோலைப் போல் கரைக்கும் என்பது உண்மை. அதற்குத் தடித்த உருக்குக் கலமும் பாதுகாப்பு வால்வும் வேண்டும். வீட்டுக் குக்கர் 120 பாகைக்குமேல் போகாது. அதன் விசிலை அடைத்துப் பார்க்க எவரும் துணியவேண்டாம்.

வடித்த சாறு எங்கள் வெக்கையில் மறுநாளே புளிக்கும். போத்தலில் அடைத்து விற்பவர்கள் காய்ச்சிய தேதியையும், எந்த நீரில் காய்ச்சியது என்பதையும் ஒட்டி விற்கவேண்டும்.

இங்ஙனம்,
தாவர இரசாயனம் கற்பிக்கும் இருவர்,
யாழ்ப்பாணம்.