வடிதாளில் நிற்பதா, கீழே இறங்குவதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு நெருங்கும்போது மாணவர் பக்கத்தில் வேதியியல் மாதிரி விடைகள் போடுகிறீர்கள், நல்ல காரியம். ஆனால் உப்புத் தயாரிப்பு என்று வந்தால் எல்லா விடையும் கலக்கு, சூடாக்கு, வடிகட்டு, உலர்த்து என்ற ஒரே பாட்டாக இருக்கிறது, பிள்ளைகளும் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். நான் வேதியியல் ஆசிரியர். வடிகட்டியாயிற்று, இப்போது எதை வைத்துக்கொள்வாய், எதைக் கொட்டுவாய் என்று கேட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளையே விழிக்கிறது.

பாடமே அந்தக் கேள்விதான். காப்பர் சல்பேட் நீரில் கரையும் உப்பு. வெதுவெதுப்பான நீர்த்த கந்தக அமிலத்தில் கருப்பு காப்பர் ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் கரைசல் நீலமாகும். இனிமேல் கரையாது என்று தூள் அடியில் தங்கும் வரை போட வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் அது உப்போடு சேர்ந்து வடிதாள் வழியே இறங்கிவிடும், ஆக்சைடு மிச்சமிருந்தால் தாளிலேயே நின்றுவிடும், அதற்காகத்தான் வேண்டுமென்றே கூடுதலாகப் போடுகிறோம். நமக்கு வேண்டியது கீழே இறங்கிய நீலக் கரைசல். பேரியம் சல்பேட் இதற்கு நேர்மாறு, அது நீரில் கரையாது. பேரியம் குளோரைடு கரைசலில் சோடியம் சல்பேட் கரைசலை ஊற்றியதுமே பால் மாதிரி வெளுத்து வீழ்படிவு, அதாவது கரையாத திடப்பொருள், வரும், தாளில் நிற்பதுதான் உப்பு, அதில் ஒட்டிய சோடியம் குளோரைடு போகக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி உலர்த்துகிறோம்.

அமிலத்தையும் காரத்தையும் சேர்த்துச் சோடியம் குளோரைடு தயாரிக்கும்போது இரண்டுமே நீரில் கரைபவை, எதைக் கூடுதலாகப் போட்டாலும் வடிகட்டி எடுக்க வழியே இல்லை. அதனால்தான் அங்கே சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டும், போதும் என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியும் வருகின்றன.

கரையுமா கரையாதா என்று பார்க்காமல் செய்முறையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பளிங்குக்கல் துண்டு போதும். அதன்மேல் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினால் கொஞ்ச நேரம் நுரைத்துவிட்டு அடங்கிவிடும், கல்லும் இருக்கும், அமிலமும் இருக்கும். கல்லும் அமிலமும் வினைபுரிந்து உண்டாகும், லேசில் கரையாத கால்சியம் சல்பேட் கல்லைச் சுற்றிப் படிந்து அமிலத்தை உள்ளே விடாது. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குக் எந்த உப்பு நீரில் கரையும், எது கரையாது என்று சொல்லும் கரைதிறன் அட்டவணை எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, சில விடைகளில் காப்பர் சல்பேட் கரைசலை முழுவதும் வற்றும் வரை சூடாக்கச் சொல்கிறார்கள். அது தவறு. அந்த நீலப் படிகத்தில் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு 5 நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன, விடாமல் சூடாக்கினால் அந்த நீரும் போய் வெளிறிய தூள்தான் மிஞ்சும். கண்ணாடிக் கோலில் எடுத்த சொட்டு ஆறும்போது படிகம் கட்டினால் அடுப்பை அணைத்துவிட்டுத் தானாக ஆற விட வேண்டும், அவசரப்படாமல் ஆறினால் படிகம் பெரிதாக வரும்.

எனவே மாதிரி விடை போடும்போது ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் கேள்விகளைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்