பெங்களூருவின் குடிமக்கள் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் குடிமைச் சமூக அமைப்புகளின் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒரு சங்கம் நடத்திய கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். வாசலில் "இங்கே அரசியல் பேச வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே குடிநீர், குப்பை, சாக்கடை, நடைபாதை ஆகிய நான்கைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசினீர்கள். இவற்றில் அரசியல் இல்லாதது எது என்று கேட்க நினைத்தேன். மைக் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

தருமபுரியிலிருந்து வந்து, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் 14 ஆண்டுகள் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். நாங்கள் தைத்த சட்டைகள் கடல் கடந்து போயின. ஆர்டர் குறைந்தால் எங்கள் லைன், அதாவது மெஷின் வரிசை, குறைந்தது. 'பையர் வருகிறார்', அதாவது சட்டைகளை வாங்கும் கம்பெனியின் ஆள் வருகிறார் என்றால் அன்று காலையில் கழிவறைக்குச் சோப்பு வரும், முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும். எங்களிடம் குறை கேட்க வந்தவர் கேட்பார், மொழிபெயர்ப்பவர் சொல்வார், பக்கத்திலேயே சூப்பர்வைசர் நிற்பார். எங்களுக்காகப் பிறர் பேசுவது எப்படி முடியும் என்பதை அங்கேதான் கற்றோம்.

2016ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தொழிலாளி வேலையை விட்டாலும், பி.எஃப். கணக்கில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று அந்த பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியது. 58 வயதுவரை மெஷினில் உட்காரும் பெண் எங்கே இருக்கிறாள்? கடனை அடைக்கவும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம். ஏப்ரல் 18, 19 தேதிகளில், எந்தத் தொழிற்சங்கமும் அழைக்காமலேயே, ஆயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் சாலையை மறித்தோம். 19ஆம் தேதியே அரசு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஹெப்பாள் நோக்கிய எஃகு மேம்பாலத்துக்கு எதிராக நீங்கள் மனிதச் சங்கிலியாக நின்றீர்கள். 800க்கும் மேற்பட்ட மரங்கள் தப்பின, 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. அதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் உங்கள் மேடைகளில் இரண்டாவது நிகழ்ச்சி மட்டும் குடிமக்களின் வெற்றியாகவும், முதலாவது போக்குவரத்து நெரிசலாகவும் நினைவுகூரப்படுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது இதைச் சொல்லக் காரணம் உண்டு. 198 வார்டுகளுக்கும் 2015இல் தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு. ஆண்டுகள் ஓடின, 2025இல் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். கவுன்சிலர் இல்லாத அந்த ஆண்டுகளில் உங்களுக்கு ஆணையரின் அலுவலகம் இருந்தது, சமூக ஊடகம் இருந்தது, தேவைப்பட்டால் உயர் நீதிமன்றமும் இருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வராவிட்டால், ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டி, "ஓட்டுக் கேட்டு வந்தாயே" என்று உரிமையோடு திட்டுவதற்கு முன்பு ஒரு கவுன்சிலர்தான் இருந்தார். அவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான்.

எனவே உங்கள் வாசல் அறிவிப்பை எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். வார்டுக் குழு அதிகாரிகளின் தலைமையில் நடந்தால் போதும் என்று இருந்துவிடாமல், தேர்ந்தெடுத்த கவுன்சிலரின் தலைமையில்தான் நடக்க வேண்டும் என்று உரக்கச் சொல்லுங்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைக்காதீர்கள். அன்று கார்மென்ட்ஸுக்கு விடுமுறை கிடையாது. ஞாயிறு மாலை என்றால் எங்கள் தெருவிலிருந்து ஆறேழு பேரை நானே அழைத்து வருகிறேன். கன்னடத்தில் பேசுங்கள், எங்களுக்கு நன்றாகவே புரியும்; ஆங்கிலம்தான் வராது.

இப்படிக்கு,
பேகூரில் வசிக்கும் ஒரு முன்னாள் தையல் தொழிலாளி