தண்ணீர் ஊற்றிய இராத்திரி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் சரியாகப் பேச முடியவில்லை, அடுப்பில் மீன் கறி கொதித்துக்கொண்டிருந்தது, நீ வேறு அவசரப்படுத்தினாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கூடத் தங்கியிருக்கும் பையன் தூங்கும்போது வாளித் தண்ணீரை மேலே ஊற்றியதாகச் சொன்னாய். சீனியர் சொன்னார், நான் ‘பாய்க் துவான்’ (சரி ஐயா) சொல்லிச் செய்தேன், பட்டாளம்னா அப்படித்தாம்மா என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், ஆனால் அதையே மூன்று தடவை சொன்னாய்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அப்பாவுக்கும் தெரியாது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் லைன் லீடராக இருந்தபோது ஒரு நைட் ஷிப்ட், எலெக்ட்ரானிக் போர்டுகள் சோதனைக்காக எட்டு மணி நேரம் சூட்டில் ஓட வேண்டும், ஷிப்மெண்ட் அவசரம் என்று மூன்று மணி நேரத்திலேயே எடுத்து ‘பாஸ்’ போடச் சொன்னார் சூப்பர்வைசர். லைனில் இருந்த ஆறு பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன், உடனே அவர்களும் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் போர்டுகள் திரும்பி வந்தன, அந்த ஆறு பேரில் ஒருத்திக்கு வேலை போனது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசரை யாரும் கேட்கவே இல்லை.

அக்கா தன் மனோவியல் பாடத்தில் இருந்து ஒன்று வாசித்துக் காட்டினாள். 1961-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராம் என்பவர் நடத்திய சோதனை. பக்கத்து அறையில் இருப்பவனுக்கு மின்சாரம் கொடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள் (நிஜ மின்சாரம் இல்லை, ஆனால் கொடுப்பவனுக்கு அது தெரியாது). 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போய்விட்டார்கள். அதையே இன்னொரு விதமாகவும் செய்தாராம், கூட உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் நடுவில் முடியாது என்று நிறுத்திவிடுவார்கள். அப்போது கடைசி வரை போனது 40-க்கு 4 பேர்தான். அவள் வாசிக்க வாசிக்க எனக்கு அந்த ஆறு முகம்தான் வந்தது.

கட்டளையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சுடும் இடத்தில் நிறுத்து என்றால் உடனே நிறுத்து, அங்கே போய் அம்மா எழுதினாள் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. ஆனால் உங்கள் மலேசிய 1972 ஆயுதப் படைச் சட்டமும் முறையான கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. வாளித் தண்ணீர் எந்தக் கட்டளையில் சேர்த்தி? 1968-ல் வியட்நாமில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் பட்டாளம் ஊராரைச் சுட்டபோது, ஹியூ தாம்சன் என்ற அவர்களுடைய ஹெலிகாப்டர் ஓட்டியே பட்டாளத்துக்கும் ஊராருக்கும் நடுவில் ஹெலிகாப்டரைக் கொண்டுபோய் இறக்கினான், கூட இருந்த இரண்டு பேரும் அவன் பக்கம் நின்றார்கள். உண்மையைச் சொல்லிப் பதக்கம் கொடுக்க 30 வருஷம் ஆனது, அது வேறு கதை.

அடுத்த தடவை யாராவது வாளியை நீட்டினால் முதலில் நீ கீழே வை. உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இருப்பார்கள்.

முறுக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிய டப்பா அந்தப் பையனுக்கு. கொடுக்கும்போது ஊற்றியது நான்தான் என்று சொல்லிவிடு. டப்பாவை மறக்காமல் கொண்டு வா.

அம்மா