பேவுல்ஃபை ஐந்து மதிப்பெண்ணுக்குள் அடைக்காதீர்கள்

கல்லூரி ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் இளங்கலை வகுப்புகளில் பழைய ஆங்கிலக் கவிதை என்றால் பேவுல்ஃப். பேவுல்ஃப் என்றால் ஒரே கேள்வி. நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போராட்டமாக இக்காப்பியத்தை விளக்குக. விடையும் ஒன்றுதான். வீரன் பேவுல்ஃப் நன்மை, அவன் கொல்லும் அரக்கன் கிரெண்டல் தீமை, அவன் தாய் இன்னும் கொஞ்சம் தீமை, டிராகன் கடைசித் தீமை. இதைத் திருத்தி மதிப்பெண் போடும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கைடில் இருப்பதை எழுதுகிறார்கள். கைடு உங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்து எழுதப்படுகிறது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

கேள்வி அடியோடு தவறு என்று சொல்ல மாட்டேன். கிரெண்டல், பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம், கடவுளின் பகைவன் என்று கவிஞரே சொல்கிறார். ஆனால் அவன் செய்த குற்றத்தை அவர் விவரிக்கும் விதத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வருடம் டேன்களின் (டென்மார்க் மக்களின்) அரசர் ஹ்ரோத்காரின் மண்டபத்தில் புகுந்து ஆட்களைக் கொன்றவன். டேன்களில் யாரோடும் சமாதானத்துக்கு வரவில்லை, பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளவும் சம்மதிக்கவில்லை, அவன் கையிலிருந்து நஷ்டஈடு வரும் என்று எந்த மந்திரியும் எதிர்பார்க்க முடியவில்லை என்கிறார். அரக்கனிடம் நஷ்டஈடா என்று வகுப்பில் சிரிப்பார்கள். சிரிக்க விட்டு, அதன் பின்னால் இருக்கும் சட்டத்தைச் சொல்லவேண்டிய இடம் அது.

அந்தச் சமூகத்தில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு விலை இருந்தது. வெர்கில்ட் என்று பெயர். பழைய இங்கிலாந்தின் வெஸெக்ஸ் நாட்டுச் சட்டப்படி சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங், பிரபுவுக்கு 1200 ஷில்லிங். கொன்றவன் பக்கம் அதைக் கட்டினால் பகை தீரும். கட்டாவிட்டால் செத்தவனின் சொந்தக்காரர்கள் வாளை எடுப்பார்கள். பேவுல்ஃபின் அப்பாவே இப்படி ஒருவனைக் கொன்று ஊரைவிட்டு ஓடிவந்தவர்தான். அன்று அவருக்காகப் பொருள் அனுப்பிப் பகையைத் தீர்த்துவைத்தவர் ஹ்ரோத்கார். மகன் கடல் கடந்து உதவிக்கு வந்ததில் அந்த நன்றிக்கடனும் உண்டு. இன்னொன்று: கிரெண்டல் கடைசியாகக் கொன்றது பேவுல்ஃபோடு வந்த ஒரு வீரனை. அவனுக்கான பொன்னை மறுநாள் விருந்தில் ஹ்ரோத்கார் கொடுக்கிறார். அரக்கன் கட்டாத கடனை அரசர் கட்டுகிறார். நான் புரட்டிய கைடு எதிலும் இது இல்லை.

இப்போது அந்தத் தாயைப் பாருங்கள். மகன் செத்த மறுநாள் இரவு வருகிறாள். பழிதீர்க்க வந்தவள் என்றே கவிஞர் அவளைச் சொல்கிறார். அவள் கொண்டுபோவது ஒரே ஓர் ஆள், அரசரின் ஆப்த நண்பர் ஆஷ்ஹெரே. கூடவே, பேவுல்ஃப் பிய்த்தெடுத்து வெற்றிச் சின்னமாக வைத்திருந்த மகனின் கையையும் எடுத்துப்போகிறாள். ஒன்றுக்கு ஒன்று, அந்த மண்டபத்தில் இருந்தவர்களுடைய கணக்கும் அதேதான். அது நல்ல கொடுக்கல் வாங்கல் இல்லை, இரு தரப்பும் தங்கள் வேண்டியவர்களின் உயிரால் விலை கட்டவேண்டியிருந்தது என்கிறார் கவிஞர். இரு தரப்பும் என்கிறாரே, அதை எந்த விடைத்தாளில் பார்க்கிறோம்?

அவள் வருவதற்குச் சில மணி நேரம் முன்னால், அதே விருந்தில் ஒரு பாட்டு நடக்கிறது. டேன் இளவரசி ஹில்டபர், ஃப்ரிசிய மன்னன் ஃபின்னுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் அண்ணன் ஹ்னாஃப் தன் ஆட்களோடு வந்திருக்கும்போது சண்டை மூள்கிறது. விடிந்து பார்த்தால் அண்ணன் ஒரு பக்கத்தில் செத்துக் கிடக்கிறான், அவள் பெற்ற மகன் எதிர்ப் பக்கத்தில். மகனை அவன் மாமனின் சிதையிலேயே, மாமனுக்குப் பக்கத்தில் கிடத்தச் சொல்கிறாள். தலைகள் உருகுகின்றன, காயங்கள் வாய் திறந்து இரத்தம் பீறிடுகிறது. தீ இரு தரப்பையும் ஒன்றாகத் தின்கிறது. பிறகு சமாதானம், சத்தியம். டேன்களின் தலைவன் ஹெங்கெஸ்ட் குளிர்காலம் முழுக்கத் தன் அரசனைக் கொன்றவர்களின் வீட்டிலேயே தங்குகிறான், கடல் உறைந்து கிடப்பதால். வசந்தம் வருகிறது. ஊர் போவதைவிடப் பழியைத்தான் அதிகம் நினைக்கிறான். யாரோ ஒருவன் அவன் மடியில் ஒரு வாளை வைக்கிறான். அவ்வளவுதான், ஃபின் தன் வீட்டிலேயே வெட்டப்படுகிறான். கொள்ளையடித்த பொருளோடு ஹில்டபரையும் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். பாட்டு முழுக்க அவள் வாய் திறந்து பேசும் ஒரு வரி கிடையாது.

பாட்டு முடிந்ததும் மண்டபத்தில் ஆரவாரம், திராட்சை மது பரிமாறுகிறார்கள். அப்போது அரசி வெயால்த்தேயோ கிண்ணத்தோடு வந்து, தன் பையன்களைப் பார்த்துக்கொள்ளும்படி ஆளாளுக்குச் சொல்கிறாள். ஹில்டபரின் கதையை ஆண்கள் வெற்றிப் பாட்டாகக் கேட்டார்கள். வெயால்த்தேயோ எப்படிக் கேட்டிருப்பாள் என்று கேளுங்கள், ஒரு வகுப்பு முழுக்கப் பேச்சு ஓயாது. அரக்கனே இல்லாத இந்தக் கதையில் தீமை எந்தப் பக்கம்?

1936-இல் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் ஆற்றிய உரைக்குப் பிறகு அரக்கர்கள்தான் காப்பியத்தின் நடுமையம் என்பது நிலைத்துவிட்டது. கவிதையை வெறும் வரலாற்றுச் சுரங்கமாகத் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது, நல்ல பதில்தான். அதை நாம் கைடுக்கு ஏற்ற மாதிரிச் சுருக்கிவிட்டோம்.

இளைஞன் பேவுல்ஃப் ஹ்ரோத்காரிடம் சொல்கிறான்: ரொம்பவும் துக்கப்படுவதைவிட நண்பனுக்காகப் பழிவாங்குவதே மேல். வீரத்துக்கு மேற்கோளாக எல்லாரும் எடுத்தாளும் வரி. ஐம்பது வருடம் அரசாண்டு கிழவனான பிறகு, டிராகனோடு மோதுவதற்கு முன் கடல்முனையில் உட்கார்ந்து அவன் பேசுவதை யாரும் எடுத்தாளுவதில்லை. தன்னை ஏழு வயதிலிருந்து வளர்த்த தாத்தா ஹ்ரெதலின் கதையைச் சொல்கிறான். அவருடைய ஒரு மகன் விட்ட அம்பு குறி தவறி, இன்னொரு மகனைக் கொன்றுவிடுகிறது. யாரிடம் பணம் கேட்பது? யார்மேல் வாளை ஓங்குவது? தூக்குமரத்தில் தொங்கும் மகனைக் காக்கை கொத்துவதைப் பார்த்து நிற்கும் ஒரு கிழவனை இங்கே உவமையாகக் கொண்டுவருகிறார் கவிஞர். அந்தக் கிழவன் மகனின் வெறிச்சோடிய வீட்டைப் பார்க்கிறான். யாழ் ஒலி இல்லை. படுக்கைக்குப் போய்த் தனியே புலம்புகிறான். வயலும் வீடும் அவனுக்கு அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிகின்றன. ஹ்ரெதல் அந்தத் துக்கத்திலேயே சாகிறார். பழிவாங்குவது மேல் என்று சொன்ன அதே வாய் இதைச் சொல்கிறது. இந்தக் காப்பியத்தில் எனக்கு இதைவிடப் பெரிய இடம் இல்லை.

டிராகனும் அதோடு மோதிய பேவுல்ஃபும் செத்தபின் அவன் ஊருக்கு நிம்மதி வந்ததா என்றால் அதுவும் இல்லை. மரணச் செய்தி கொண்டுவருகிறவன் பழைய பகைகளை வரிசையாகச் சொல்கிறான்: ஃப்ராங்குகள் வருவார்கள், ஃப்ரிசியர் வருவார்கள், தங்கள் மன்னனை நாம் கொன்றதை மறக்காத ஸ்வீடன்காரர்களும் வருவார்கள். சிதையருகே ஒரு பெண் அதையே பாடி அழுகிறாள்.

இக்காப்பியத்துக்கு இருப்பது 1731 தீவிபத்தில் ஓரம் கருகித் தப்பிய ஒரே ஒரு சுவடி என்பதை ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். தப்பியதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. (புறநானூற்று வீரத்தோடு ஒப்பிடுக என்ற கேள்வி தனிக் கதை. அதை இங்கே இழுக்கவில்லை.)

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று சண்டைகளின் சுருக்கத்தோடு ஃபின் பகுதியையும் ஹ்ரெதல் பகுதியையும் நவீன ஆங்கிலத்தில் முழுதாகச் சேருங்கள். 3182 வரிகளில் இவை இரண்டும் சேர்ந்து நூற்றைம்பது வரிகூட வராது. வெர்கில்ட் பற்றி அரைப் பக்கக் குறிப்பு போதும். நன்மை தீமைக் கேள்வியை எடுத்துவிட்டு இப்படி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: "கிரெண்டலின் தாய் செய்தது குற்றமா, அவள் உரிமையா? டேன்களின் சொந்த வழக்கத்தை வைத்து எழுதுக." பத்து மதிப்பெண். எந்தப் பக்கம் எழுதினாலும், வரிகளைக் காட்டி எழுதினால் நான் மதிப்பெண் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கிலத் துறை ஆசிரியை