வெள்ளை நிறத்தின் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு நண்பர் வெள்ளை மயில்களைப் பற்றி எழுதியிருந்தார். நிறமில்லாமல் பிறப்பதால்தான் அவற்றில் சிலவற்றுக்குக் கண் தெரிவதில்லை, கூண்டில் போட்டு வதைப்பதைவிடக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது அவர் கருத்து. இரக்கப்பட்டுத்தான் எழுதியிருக்கிறார், சரி. ஆனால் காரணம் தவறு, யோசனை அதைவிடத் தவறு. நான் ஓர் உயிரியல் பூங்காவின் பறவைப் பிரிவில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர்ப் பூங்கா என்பது இங்கே வேண்டாம். பிறவியிலேயே பார்வையில்லாத மயில் குஞ்சுகளைக் கையில் வைத்து வளர்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நிறம். வெள்ளை மயில் தனி இனம் கிடையாது. நம் வயலில் மேயும் நீல மயிலேதான், இறகில் நிறம் சேராத மரபு மாற்றம் மட்டும் அதற்கு இருக்கிறது. ‘அல்பினோ’ வேறு. அதற்குக் கண்ணிலும் நிறமி இருக்காது, கண் சிவந்து தெரியும், வெயில் கூசும். வெள்ளை மயிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கண்ணில் நிறம் இருக்கும். என்னிடமிருந்த ஒரு வெள்ளைப் பெட்டை, அடைப்பின் அந்த மூலையில் நான் கையை மூடிக்கொண்டு வந்தாலே உள்ளே கடலை இருக்கிறது என்று கண்டுபிடித்து ஓடிவரும். அதற்கா கண் தெரியாது?

அப்படியானால் குருட்டுக் குஞ்சு எங்கிருந்து வருகிறது? நாம் ஜோடி சேர்க்கும் லட்சணத்திலிருந்து வருகிறது. தலைமுறை தலைமுறையாக நீலமாகவே வந்த மயிலோடு வெள்ளையைச் சேர்த்தால் குஞ்சு முழு வெள்ளையாக வராது. பார்க்க வருகிறவர்கள் கேட்பதோ வெள்ளையை. கையில் இருப்பது ஒன்றிரண்டு ஜோடி. அப்புறம் என்ன, உடன்பிறந்தவற்றையே ஒன்றாக விடுவார்கள், தகப்பனையும் மகளையும் ஒரே அடைப்பில் அடைப்பார்கள். ‘சொந்தத்தில் திருமணம் வேண்டாம், பிறக்கும் குழந்தையின் கண்ணைப் பாதிக்கலாம்’ என்று கண் மருத்துவர்கள் மாமன் மகள் கட்டும் நம் குடும்பங்களுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறார்களே, அதே கதைதான் இதுவும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். குஞ்சுக்கு ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டாக வருகிறது. பார்வைக்கு வேண்டிய மரபணுவில் ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பறவை நன்றாகப் பார்க்கும், தோகை விரிக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. அதே பழுதைச் சுமக்கும் இன்னொன்றோடு அது சேரும்போதுதான் நான்கில் ஒரு குஞ்சுக்குப் பழுது இரண்டு பக்கமும் வந்து விழுகிறது. சொந்தத்துக்குள் சேர்த்தால் இரண்டும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். நான்கில் ஒன்று என்பது கணக்குக்குத்தான். மயில் இடுவதோ ஓர் ஈட்டுக்கு நான்கைந்து முட்டை. ஒரு வருஷம் எல்லாக் குஞ்சும் நன்றாக இருக்கும், அடுத்த வருஷம் இரண்டு பார்வையில்லாமல் வரும். நன்றாக வந்த வருஷத்தைக் காட்டி ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்பார்கள். அதைவிட மோசம், பார்வையுள்ள உடன்பிறப்புகளில் சராசரியாக மூன்றில் இரண்டு அந்தப் பழுதைச் சுமந்துகொண்டிருக்கும். அவற்றைத்தான் ‘நல்ல குஞ்சு’ என்று வேறு பூங்காவுக்குப் பரிமாற்றத்தில் அனுப்புகிறோம்.

இன்னொரு வகையும் உண்டு. ஆணா பெட்டையா என்று தீர்மானிக்கும் பாலினக் குரோமோசோம்கள் பறவைகளில் ஆணுக்குத்தான் ஒரே மாதிரி இரண்டு, பெட்டைக்கு அதில் ஒன்றுதான். பழுது அந்தக் குரோமோசோமில் இருந்தால், நன்றாகப் பார்க்கும் தகப்பனின் பெட்டைக் குஞ்சுகளில் பாதிக்குப் பார்வை போகலாம், சேவல் குஞ்சுகள் தப்பித்துவிடும். பார்வையில்லாதவை எல்லாம் பெட்டைகளாகவே வந்தால் தகப்பனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கோழியில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ரோட் ஐலண்ட் ரெட் என்ற கோழி இனத்தில், முட்டையிலிருந்து வரும்போதே பார்வையில்லாத ஒரு வம்சம் உண்டு. விழித்திரைக்கு வேண்டிய ஒரு மரபணு பழுதானதுதான் காரணம். 2006-ல் அமெரிக்காவின் புளோரிடாவில், முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே சரியான மரபணுவைச் செலுத்தி, பிறந்த குஞ்சுகளில் பலவற்றைப் பார்க்க வைத்தார்கள். நம் மயில் அடைப்புக்கு அந்த வைத்தியம் வரப்போவதில்லை. இங்கே நம் கையில் இருப்பது ஜோடியை மாற்றுவது ஒன்றுதான்.

அதற்காகக் கண் தெரியாத மயிலெல்லாம் பிறவிக் கோளாறு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வைட்டமின் ஏ குறைந்தால் இமை வீங்கி, உள்ளே தயிர்க்கட்டி மாதிரி சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். தரை ஈரமாகி எச்சத்திலிருந்து அமோனியா நெடி கிளம்பினால் கருவிழி வெந்து மங்கிவிடும். கண்ணுக்குள்ளேயே ஒரு புழு உண்டு, கரப்பான் தின்பதால் வருவது. பறவைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய மூன்றாம் இமையைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை நூலாக நெளியும். அம்மைக் கொப்புளம் இமையை மூடிவிடும். குஞ்சு தலையை முதுகுப் பக்கம் வளைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றால் அது கண் நோயாக இல்லாமல் தயமின் (வைட்டமின் பி1) குறைவாகவும் இருக்கலாம். இவற்றில் பலவற்றை நேரத்தோடு கவனித்தால் குணப்படுத்தலாம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ‘கண்மணி சுருங்குகிறது, பார்வை இருக்கிறது’ என்று சொல்லும் ஆட்களும் உண்டு. பறவை தன் கண்மணியைத் தானே சுருக்கி விரிக்கும், அதை நம்பி முடிவு சொல்ல முடியாது. நான் செய்வது பஞ்சைச் சின்ன உருண்டையாக்கிக் குஞ்சின் முன்னால் சத்தமில்லாமல் விழவிடுவது. பார்வையுள்ள குஞ்சு தலையைத் திருப்பும்.

வளர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குருட்டுக் குஞ்சு பிழைக்காது என்று முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அது சாவது பட்டினியால். கண் தெரியாததால் இரை எங்கே என்று தெரியாது, அவ்வளவுதான். மயில் முட்டையை நாட்டுக்கோழியிடம் அடை வைத்தால் இதில் பாதிக் கவலை தீரும். இருபத்தெட்டாம் நாள் வாக்கில் பொரித்ததும் தாய்க்கோழி இரையைக் கொத்திக் கொத்திப் போட்டுக் ‘கொக் கொக்’ என்று விடாமல் கூப்பிடும். ஒரு குஞ்சு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்து, கோழியின் மார்பில் முட்டி நின்று, அதன் அலகுக்குக் கீழே தரையைத் தட்டித் தட்டித் தேடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் கிடைத்தது மணல். அடுத்து கிடைத்தது ஒரு கரையான். அதை விழுங்கியதும் குஞ்சு இன்னும் வேகமாகத் தட்ட ஆரம்பித்தது. பழைய பானையில் சாணமும் வைக்கோலும் நனைத்துக் கவிழ்த்து வைத்தால் கரையானுக்குப் பஞ்சமே இல்லை. தீவனத்தை விரல் நுனியில் ஒட்டி அலகில் தொட்டுக் காட்ட வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு மூழ்கிச் செத்துப்போகும்.

பெரிதான பிறகு ஒரே விதிதான்: எதையும் இடம் மாற்றாதே. கனமான மண் தொட்டியை ஒரே மூலையில் வைத்து, தீவனம் போடும்போது விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் நேராக அங்கே வரும். உள்ளே போகுமுன் குரல் கொடுக்க வேண்டும். சத்தமில்லாமல் போனால் திடுக்கிட்டு மேலே எகிறி மண்டையை உடைத்துக்கொள்ளும். கம்பி வலைக்கு உட்புறம் இடுப்பளவுக்குப் பச்சை வலை கட்டிவிட்டால் மோதினாலும் முகம் கிழியாது. பொழுது சாய்ந்தால் மயிலுக்கு உயரத்தில் ஏறியாக வேண்டும், கண் இல்லாததும் அந்த நேரத்தில் நிலைகொள்ளாமல் சுற்றும். ஓரடி உயரத்தில் அகலமான கட்டை, ஏறுவதற்குச் சரிவாக ஒரு பலகை, கீழே தேங்காய் நார்த்தூள், இது போதும். துணைக்கு வயதான பெட்டை ஒன்று நல்லது. தோகை வளர்ந்த சேவலை மட்டும் சேர்க்கவே கூடாது, கொத்திக் குதறிவிடும். என் பொறுப்பிலிருந்த பார்வையில்லாத சேவல் ஒன்று, அடுத்த அடைப்பில் பெட்டை அகவினால் அந்தப் பக்கம் திரும்பித் தோகை விரிக்கும். சில நாள் தண்ணீர் மோட்டார் சத்தத்துக்கும் விரிக்கும். அதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை.

இப்படி வளர்ந்த பறவையைத்தான் நண்பர் காட்டில் விடச் சொல்கிறார். கீரிக்கும் நாய்க்கும் ஒரு ராத்திரி வேலை. காட்டில் குருட்டு மயில் நம் கண்ணில் படாததற்குக் காரணமும் அதுதான், பிறந்தாலும் நாள் தாண்டாது. இன்னொன்று, வயலில் கண் தெரியாத மயில் கிடைத்தால் பாவப்பட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. 1963 முதல் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வைத்து வளர்ப்பது குற்றம். ஒரு கூடையைக் கவிழ்த்து நிழலில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். தோஷம், சாபம் என்று அடித்து விரட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

பூங்கா நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி. விலங்கின் பூர்வீகத்தைப் பதிந்து வைக்க வேண்டும், சொந்தத்துக்குள் இனப்பெருக்கம் கூடாது என்பதெல்லாம் பழைய விதிதான். பிறகு ஏன் ‘வெள்ளை மயில், ஒரு ஜோடி’ என்ற ஒற்றை வரியோடு பறவைகள் ஊர் மாறுகின்றன? பார்வையில்லாத குஞ்சு கொடுத்த ஜோடியை அந்த வருஷமே பிரித்துவிடலாம். அதன் மற்றக் குஞ்சுகளை வெளியே அனுப்பாமல், இனப்பெருக்கத்தில் விடாமல், காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். காலில் வளையம் மாட்டிப் பதிவேட்டில் மூன்று பத்தி கூடுதலாகக் கோடு போட்டால் போதும்: தாய் எண், தகப்பன் எண், குஞ்சுக்குக் கண் தெரிந்ததா இல்லையா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பறவைக் காப்பாளர் ஒருவர்,
விராலிமலை வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.